எந்தப் பயனருக்கு எப்போது, எதைச் சொல்வது? மதுரை வணிகர்களின் கேள்விகளுக்குப் பதில்

செயலி வழியே வியாபாரம் செய்யும் மதுரைக்காரர்கள் பலர், பயனர்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தகவல் அனுப்புவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக இதே வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (மளிகைக் கடை, கீழமாசி வீதி): எங்கள் செயலியை நாலாயிரம் பேர் இறக்கியிருக்கிறார்கள். இவர்களை எத்தனை வகையாகப் பிரிக்க வேண்டும்?

பதில்: அண்ணாச்சி, ஐந்து போதும். இறக்கியும் எதுவும் வாங்காதவர், ஒரே ஒரு முறை வாங்கியவர், வழக்கமாக வாங்குகிறவர், வரவு குறைந்துகொண்டே போகிறவர், வராமலே நின்றுவிட்டவர். கல்லாவில் உட்கார்ந்தபடி முகம் பார்த்தே இவர்களைப் பிரித்துவிடுவீர்கள். புதிதாகப் படியேறுகிறவரிடம் "என்ன வேண்டும்?" என்பீர்கள்; பல நாள் கழித்து வருகிறவரிடம் "ஊரில் இல்லையா?" என்பீர்கள். செயலியில் முகம் தெரியாது, வாங்கிய தேதிதான் தெரியும். அந்தத் தேதியை வைத்து இதே வேலையைச் செய்கிறோம்.

ஐந்தில் இரண்டாவது வகை மேல்தான் கண் வேண்டும். முதல் ஆர்டருக்கும் இரண்டாவது ஆர்டருக்கும் நடுவில்தான் நிறையப் பேர் கழன்றுகொள்கிறார்கள். அவர்களுக்குப் போன மாதச் சாமான் பட்டியலை அப்படியே எடுத்து மறுபடி ஆர்டர் போட வழி செய்து, அரிசி, பருப்பு தீரும் வாரத்தில் நினைவூட்டுங்கள். இறக்கியும் வாங்காதவருக்குத் தள்ளுபடி அனுப்பும் முன், அவர் எந்தத் திரையோடு நின்றுபோனார் என்று பாருங்கள். ஓடிபி வராததாலோ முகவரி ஏற்காததாலோ திரும்பியவருக்குத் தள்ளுபடியால் ஒரு பயனும் இல்லை.

கேள்வி (பூ வியாபாரம், மாட்டுத்தாவணி): முப்பது நாள் வராதவரை "விட்டுப்போனவர்" என்று எங்கள் மென்பொருள் தானாகவே குறித்துவிடுகிறது. அது சரியா?

பதில்: உங்களுக்குச் சரியில்லை, அண்ணா. அந்த முப்பது நாளை யாரோ ஏதோ ஒரு தொழிலுக்காக வைத்தார்கள். உங்களிடம் வெள்ளிக்கிழமை பூ வாங்குகிறவர் முப்பது நாள் வரவில்லை என்றால், நான்கு வெள்ளிகளாக வேறு யாரிடமோ வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். பட்டுச்சேலைக் கடைக்கோ முப்பது நாள் ஒரு கணக்கே இல்லை.

எல்லை உங்கள் தொழிலின் இடைவெளியிலிருந்து வர வேண்டும். ஒரு வாடிக்கையாளரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எட்டு முறை வாங்கியிருக்கிறார். நடுவிலுள்ள இடைவெளிகள் 7, 7, 8, 6, 7, 14, 7 நாட்கள். கூட்டிச் சராசரி எடுத்தால் 8 வரும். அந்த 14 அவர் ஊருக்குப் போன வாரம்; அது சராசரியை இழுத்துவிட்டது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள், பள்ளியில் படித்த இடைநிலை அளவு: 7. இதன் இருமடங்கு, அதாவது 14 நாள் தாண்டினால் வரவு குறைகிறவர். நான்கு மடங்கு, 28 நாள் தாண்டினால் நின்றுவிட்டவர். இந்த மடங்குகள் நான் தொடங்கும் இடம்தான். இரண்டு மூன்று மாதம் பார்த்துவிட்டு உங்கள் கணக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு முறைக்கும் குறைவாக வாங்கியவருக்குக் கடை முழுவதற்குமான இடைநிலை அளவையே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் தொழிலில் இன்னொன்றும் இருக்கிறது. மார்கழி, தையில் குளிரால் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறும்போது பாதிப் பேர் பேசாமல் இருப்பார்கள். அவர்கள் விலைக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் "ஏன் வரவில்லை?" என்று கேட்காதீர்கள், அரை முழம் கிடைக்கும், செவ்வந்தி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கேள்வி (சுங்குடிச் சேலை, விளக்குத்தூண் அருகே): எங்களிடம் ஆண்டுக்கு இரண்டு முறை வாங்கினாலே பெரிது. நடுவில் என்ன அனுப்புவது?

பதில்: குறைவாக அனுப்புங்கள், அம்மா. சேலை வீட்டுக்குப் போன மறுநாள், முதல் சலவையில் தனியாகத் தண்ணீரில் அலச வேண்டும், நிழலில் காயப்போட வேண்டும் என்று ஒரே செய்தி. அதைப் படிக்காதவர் இருக்க மாட்டார். அடுத்தது பங்குனி வெயில் ஏறும்போது. ஆடித் தள்ளுபடியில் மட்டுமே வாங்குகிறவர்களைத் தனிப் பட்டியலாக வையுங்கள். அவர்களைச் சித்திரையில் தொந்தரவு செய்ய வேண்டாம்.

கேள்வி (போட்டித் தேர்வுப் பயிற்சிச் செயலி, அண்ணா நகர்): தேர்வு முடிந்த மறுநாளே பாதிப் பேர் காணாமல் போய்விடுகிறார்கள். எப்படித் தடுப்பது?

பதில்: தடுக்க வேண்டாம், தம்பி. உங்கள் செயலியில் "படித்து முடித்தவர்" என்று ஆறாவது கட்டம் வேண்டும். அவரை விட்டுப்போனவரோடு சேர்த்தால் கணக்கே கெட்டுவிடும். அவரிடம் தேர்வு எப்படி இருந்தது என்று கேளுங்கள், முடிவு வந்ததும் மறுபடி கேளுங்கள். குரூப் 4 எழுதியவர் எல்லோருக்கும் குரூப் 2 விளம்பரம் அனுப்புவது பெரிய தவறு. முன்னதற்குப் பத்தாம் வகுப்பு போதும், பின்னதற்குப் பட்டம் வேண்டும். பட்டம் இல்லாதவருக்கு அது மனவருத்தத்தையே தரும். பதிவு செய்யும்போதே கல்வித் தகுதியைக் கேட்டு வைத்திருந்தால் இந்தத் தவறு நேராது.

கேள்வி (உணவகம், சிம்மக்கல்): நோட்டிஃபிகேஷன் அனுப்புகிறோம், பலருக்குப் போவதே இல்லை.

பதில்: 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், பயனர் அனுமதி தந்தால்தான் அது போகும், ஐபோனில் முன்பிருந்தே அப்படித்தான். செயலியைத் திறந்தவுடனே அனுமதி கேட்டால் மறுத்துவிடுகிறார்கள். முதல் ஆர்டர் போட்டதும், "சாப்பாடு கிளம்பியதும் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். குறுஞ்செய்தி அனுப்புவதானால், அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசக அமைப்பையும் டிஎல்டி (தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் குறுஞ்செய்திப் பதிவுத் தளம்) தளத்தில் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும்.

கேள்வி (மருந்துக் கடை, திருமங்கலம்): வரவு குறைந்த 400 பேருக்கு 100 ரூபாய் கூப்பன் அனுப்பினோம். 60 பேர் வந்தார்கள். வெற்றிதானே?

பதில்: இன்னும் சொல்ல முடியாது, ஐயா. கூப்பன் இல்லாமலே எத்தனை பேர் வந்திருப்பார்கள்? இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் கூப்பனைக் கொட்டிவிட்டு, வந்தவர்களை எண்ணிக் கைதட்டினோம். பிறகு ஒரு மாதம் சிலரை வேண்டுமென்றே விட்டுவைத்தோம். அவர்களும் கிட்டத்தட்ட அதே அளவில் வந்தார்கள்.

அடுத்த முறை 500 பேர் பட்டியலில், குலுக்கிப் போட்டு 100 பேருக்கு ஒன்றும் அனுப்பாதீர்கள். மீதி 400 பேருக்குக் கூப்பன் அனுப்பி, இந்த முறை போலவே 60 பேர் வந்தார்கள், அந்த 100இல் 12 பேர் தாமாகவே வந்தார்கள் என்று வையுங்கள். அப்படியானால் கூப்பன் பெற்ற 400இல் 48 பேர் எப்படியும் வந்திருப்பார்கள். கூப்பன் கூட்டி வந்தது 12 பேரை மட்டும். செலவு 6,000 ரூபாய். ஒருவருக்கு 500 ரூபாய் ஆகிறது. நூறு பேர் என்பது சிறிய எண்ணிக்கை, தற்செயலாகவும் மாறும். ஆகவே இரண்டு மூன்று முறை செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி (பாத்திரக் கடை, மேலூர்): இதற்கெல்லாம் விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா?

பதில்: சில ஆயிரம் பேருக்கு வேண்டாம். செயலியில் பயனர்கள் செய்வதைக் கணக்கெடுக்கும் கூகுளின் ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸ் இலவசம். முதன்முறை திறந்ததைத் தானாகவே பதிவு செய்யும். செயலியை நீக்கியதை ஆண்ட்ராய்டில் மட்டும் காட்டும். மற்றதற்கு எக்ஸெல் போதும்.

கேள்வி (பிளஸ் டூ டியூஷன் செயலி, உசிலம்பட்டி): மாணவர்களையும் இப்படிப் பிரிக்கலாமா?

பதில்: கவனமாக இருங்கள், அக்கா. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது ஆகாதவர் குழந்தை. அவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அவர்களைக் குறிவைத்த விளம்பரத்தை அச்சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். கட்டணம், சேர்க்கை எல்லாவற்றையும் பெற்றோரிடம் பேசுங்கள். பிள்ளைக்குப் பாடம் மட்டும் போகட்டும்.

கேள்வி (பால் விநியோகம், வில்லாபுரம்): செயலியையே நீக்கிவிட்டவர்களை எப்படித் திரும்ப அழைப்பது?

பதில்: தொலைபேசியில் அழையுங்கள். அவர்களிடம் நோட்டிஃபிகேஷன் போகாது, வேறு வழியும் பெரிதாக இல்லை. இதுபோன்ற ஒரு பால் கடைக்காக நானே உட்கார்ந்து அழைத்தேன். பாலில் குறை இருக்கும் என்று நினைத்திருந்தோம். ஒரு பெண்மணி சொன்னார்: "பால் நன்றாகத்தான் இருந்தது. ஆறரைக்கு வருகிறது. என் மகன் ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறான்." அன்று பேசியவர்களில் மேலும் இருவர் நேரத்தைத்தான் சொன்னார்கள். இந்த வாரம் பத்துப் பேரை அழைத்து, தள்ளுபடி பற்றி வாயே திறக்காமல், ஏன் நிறுத்தினார்கள் என்று மட்டும் கேட்டு எழுதி வையுங்கள்.