லினக்ஸில் இத்தனை வகை ஏன்? பொதி பற்றிய கேள்வி பதில்

டெபியன், உபுண்டு, மின்ட், ஃபெடோரா... இத்தனை லினக்ஸ் வகைகளில் (டிஸ்ட்ரோ) புதிதாக வருபவன் எதைப் போடுவது?

மின்ட் போடுங்கள். பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் வேர்கள் சிலவே. 1993-இல் பிறந்த டெபியனிலிருந்து உபுண்டு (2004), அதிலிருந்து மின்ட் (2006).

உபுண்டு 24.04-இல் தொகுத்த என் நிரல், டெபியன் 12-இல் 'ஜிலிப்சி 2.38 இல்லை' என்று நின்றுவிடுகிறது. இரண்டிலும் டெப் பொதிதானே?

நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். பொதி என்பது நிரலை நிறுவுவதற்காக அடைத்துத் தரும் கோப்பு, டெப் அதற்கான பெட்டி மட்டும். உள்ளே இருக்கும் நிரல் எந்த நூலகத்தை, எந்தப் பதிப்பில் எதிர்பார்க்கிறது என்பதுதான் விஷயம். நூலகம் என்றால் நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்துண்டுகளின் தொகுப்பு. ஜிலிப்சி அவற்றில் அடிப்படையானது. உபுண்டு 24.04-இல் ஜிலிப்சி 2.39, டெபியன் 12-இல் 2.36. பழைய ஜிலிப்சியில் தொகுத்தது பொதுவாகப் புதியதில் ஓடும், தலைகீழாக நடக்காது. ஆகவே, நீங்கள் ஆதரிக்க நினைப்பதில் ஆகப் பழைய வெளியீட்டை ஒரு கண்டெய்னரில் (கணினிக்குள் தனித்து இயங்கும் சூழல்) வைத்து அதில் தொகுங்கள். ஜிலிப்சியை மட்டும் கையால் மாற்றப் போகாதீர்கள், கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளைகூட ஓடாமல் போகும். உபுண்டுவின் பிபிஏ-க்களை (உபுண்டுவுக்கான கூடுதல் பொதிக் களஞ்சியங்கள்) டெபியனில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

ஃபெடோரா பயன்படுத்தும் ஆர்பிஎம் பொதிக் கோப்பை டெப் ஆக்கலாமா?

ஏலியன் என்ற கருவி ஆக்கித் தரும். எழுத்துரு மாதிரி எளிய பொதிக்குச் சரி, மற்றதற்கு வேண்டாம்.

பல டிஸ்ட்ரோக்களுக்கும் பொதுவான பொதி வகைகளான ஃபிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ்: எது?

மேசைக்கணினிச் செயலிக்கு ஃபிளாட்பேக். ஜிலிப்சி உட்பட எல்லாம் அதன் ரன்டைமிலேயே (செயலி ஓடத் தேவையான நூலகங்களின் தொகுப்பு) வருவதால் மேலே சொன்ன சிக்கல் எழாது. முதல் செயலிக்கு இடம் நிறையப் பிடிக்கும். அதே ரன்டைமை அடுத்தவை பகிர்ந்துகொள்ளும். ஆப்இமேஜ் ஒற்றைக் கோப்பு, எடுத்துச்செல்ல வசதி. ஆனால் பெரும்பாலும் ஜிலிப்சியை உடன் கொண்டுவராது.

ஸ்னாப்பை ஏன் ஒதுக்குகிறீர்கள்? சர்வரில் அதுதானே கைகொடுக்கிறது?

கட்டளைவரிக் கருவிகளுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அதன் கடையை இயக்கும் சர்வர் நிரல் திறமூலம் அல்ல. உபுண்டுவில் ஆப்ட் (டெப் பொதிகளை நிறுவும் கட்டளை) வழியாகக் குரோமியம் உலாவியைக் கேட்டால் ஸ்னாப் வந்து உட்காருகிறது. மின்ட் 2020-இல் தன் 20-ஆம் பதிப்பில் ஸ்னாப்பைத் தடுத்தது இந்தக் கோபத்தில்தான்.

ஃபிளாட்பேக்கும் ஃபிளாட்ஹப் என்ற ஒரே கடையைத்தானே நம்பியிருக்கிறது?

நடைமுறையில் பெருமளவு ஆம். ஆனாலும் வேறு களஞ்சியம் சேர்க்கும் கதவு திறந்திருக்கிறது. ஃபெடோரா தனக்கென ஒன்றை நடத்துகிறது. அந்தக் கதவுதான் எனக்கு முக்கியம். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

எந்த டிஸ்ட்ரோ பெஸ்ட்?

முதல் பதிலைப் படியுங்கள்.

டெபியனில் உபுண்டு பிபிஏ சேர்த்தேன், ஆப்ட் உடைந்துவிட்டது.

வேண்டாம் என்று மேலேயே சொன்னேன்! அந்த பிபிஏ வரியை நீக்குங்கள். எந்தப் பொதி எங்கிருந்து வந்தது என்பதை 'ஆப்ட் பாலிசி' காட்டும். அதில் வந்தவற்றை ஒவ்வொன்றாக டெபியன் பதிப்புக்கு இறக்குங்கள்.