செத்தையில் செருகியிருந்த சிரட்டை

தம்பி, சுன்னாகத்திலிருந்து அடுத்த மாதம் கனடாவில் ஸ்காபரோவுக்கு வரப்போவதாக எழுதி மூன்று விசயம் கேட்டிருந்தீர். குளிருக்கு என்ன கொண்டுவருவது, அறை எங்கே எடுப்பது, கடைசியாக, "வெள்ளையள் எங்களை மதிப்பினமா? நான் வேதக்காரன், தமிழ்ச் சபைக்குப் போறதா, வேற சபைக்குப் போறதா?" என்று. முதல் இரண்டுக்கும் பதில் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜக்கெற்றை அங்கே வாங்கிச் சுமக்க வேண்டாம், வந்து வாங்கலாம். மூன்றாவதுக்கு எழுதாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

நான் வந்தது 1991 தை மாதம். ஒரு பேஸ்மென்ரில் ஆறு பேர். இரவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். பக்கத்துத் தொட்டியில் சட்டி தேய்த்தவர் ஜமேக்காக்காரர், என் அப்பாவின் வயது. இரண்டாம் கிழமை என் விரல்கள் வெடித்து இரத்தம் கசிந்ததைக் கண்டு, தன்னுடைய றப்பர் கையுறைகளைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். முதலாளி எனக்கு ஒன்றும் தரவில்லை. கேட்கிற அளவுக்கு ஆங்கிலமும் என்னிடம் இல்லை. அந்த மனிதரைத்தான் நாங்கள் ஆறு பேரும் அறையில் இருந்து சாப்பிடும்போது, கறுத்தவர் என்று இளக்காரமாகக் "காப்பிலி" என்று கதைத்தோம். சீனரைச் "சப்பட்டை" என்றோம். 83 கலவரத்தில் வீடு எரிந்து வந்தவனும் எங்களுக்குள் இருந்தான். அவனுக்குக்கூட அது பிழையாகப் படவில்லை.

ஒரு ஞாயிறு அவர் தன்னுடைய அங்கிலிக்கன் கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போனார். திருவிருந்துக்கு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் நின்றோம். அவர் குடித்த கிண்ணத்தின் விளிம்பைக் குருவானவர் வெள்ளைத் துணியால் துடைத்து, சற்றுத் திருப்பி, என் வாயருகே பிடித்தார். என் உதடு திறக்கவில்லை. ஒரு மூச்சு நேரம்தான், பிறகு குடித்தேன். ஆனால் அந்த ஒரு மூச்சுக்குள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது எங்கள் வீட்டுக் குசினியின் ஓலைச் செத்தையில் செருகியிருந்த சிரட்டை.

அம்மம்மா சங்கீதம் முழுக்கப் பாடமாகச் சொல்லுவா. தேங்காய் பிடுங்க வருகிறவருக்கு அந்தச் சிரட்டையில்தான் தேத்தண்ணி ஊற்றுவா. அவர் குந்தியிருந்து குடித்து, தானே கழுவி, திரும்பவும் செத்தையில் செருகிவிட்டுப் போவார். அவரும் எங்கள் சபைதான், கடைசி வாங்கு. அமெரிக்க மிஷனரிமார் 1816இலேயே எங்கள் மண்ணில் வந்து இறங்கிவிட்டார்கள். நூறு வருசத்துக்கு மேல் சுவிசேசம் கேட்ட அதே யாழ்ப்பாணத்தில், பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்கலாம் என்று 1930ஐ ஒட்டி உத்தரவு வந்தபோது பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தார்கள். ஆகவே தம்பி, வெள்ளைக்காரன் மதிப்பானோ என்று கேட்க முதல், நாங்கள் விமானத்தில் என்னத்தைக் கொண்டுவருகிறோம் என்று பாரும்.

யோவான் நாலாம் அதிகாரத்தை எடுத்து வாசியும். சமாரியப் பெண்ணின் ஐந்து புருசன்மாரைப் பற்றியே பிரசங்கம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நான் இப்போது பார்ப்பது அவளுடைய குடத்தை. மொண்டுகொள்ள உம்மிடம் பாத்திரம் இல்லையே என்று அவள் சொல்கிறாள். அப்படியென்றால் யூதர்கள் தள்ளிவைத்த அவளுடைய குடத்துத் தண்ணீரைத்தான் இயேசு குடிக்கக் கேட்டிருக்கிறார். போதிக்க முதல் கையை நீட்டித் தாகத்துக்குக் கேட்டார்.

மற்ற நாட்டவரை விடும், எங்களுக்குள்ளேயே பாரும். 1986 ஆவணியில் 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கனடாவின் நியூபவுண்லாந்துக் கடலில் மிதந்தார்கள். அந்தக் கரையின் மீன்பிடிகாரர்தான் காப்பாற்றினார்கள். 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர் வந்து இறங்கி மறியலில் அடைக்கப்பட்டபோது, "இவங்கள் வரிசையில நிண்டு வந்திருக்கலாம்" என்று சொன்ன எங்கட ஆட்களை என் காதால் கேட்டேன். சொன்னவர்களில் ஒருவர் அகதியாக வந்தவர். அன்றிலிருந்து அவர் வீட்டு விசேசங்களுக்கு நான் போவதில்லை.

சரி, வெள்ளையர். மதிப்பவரும் உண்டு, மதியாதவரும் உண்டு. உம்முடைய பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவார்கள். முதல் நாளே திருத்தும், நாலு தரம் என்றாலும் சொல்லிக் கொடும், அதேபோல அவர்களுடைய பெயரையும் ஒழுங்காகச் சொல்லப் பழகும். குனிய வேண்டாம். தேவசாயல் உமக்கும் உண்டு.

சபையென்றால், தமிழ்ச் சபைக்குப் போம். அழுது செபிக்கத் தாய்மொழி வேண்டும். ஆனால் அதோடு நிற்க வேண்டாம். எங்கள் சபை வாடகைக்கு எடுத்த கட்டிடத்தில் காலையில் பிலிப்பைன்ஸ்காரர் ஆராதனை முடித்து வெளியே வர, மத்தியானம் நாங்கள் உள்ளே போவோம். பத்து வருசம் அதே வாசல், ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. ஒருநாள் நான் றோல்ஸ் பெட்டியோடு அரை மணி முந்திப் போய் நின்றேன். இப்போது நத்தாருக்கு இரண்டு சபையும் ஒன்றாகச் சாப்பிடுகிறோம். அதைக் குறை சொல்லும் எங்கட ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2009 சித்திரையில் ரொறன்ரோ யூனிவேர்சிற்றி அவெனியூவில், அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால், போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் நாள்கணக்காக நின்றோம். வன்னியில் இருந்த அக்காவிடமிருந்து தகவல் நின்றுபோன நாட்கள். வீதியை மறிக்கிறோம் என்று நகரமே எரிச்சல்பட்டது. ஒரு பின்னேரம் அந்த ஜமேக்கா மனிதர் தேடிக்கொண்டு வந்தார், எழுபது தாண்டியிருந்தார், கையில் தடி. எந்தப் பக்கம் சரி என்று ஒன்றும் கேட்கவில்லை. "உன் அக்காவின் பெயர் என்ன?" என்று கேட்டு, அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு பிளாஸ்கைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றி, சூடு பார்க்க ஒரு மிடறு குடித்துவிட்டு நீட்டினார். வாங்கிக் குடித்தேன். அவர் போய் ஆறு வருசம். அடக்க ஆராதனையில் வேதப் பகுதி வாசிக்கச் சொல்லி அவருடைய மகள் என்னைத்தான் கேட்டாள்.

வந்து இறங்கியதும் எனக்கு அறிவியும், தம்பி. முதல் ஞாயிறு தமிழ்ச் சபை, இரண்டாம் ஞாயிறு அவருடைய கோயில். நானே வந்து ஏற்றிக்கொண்டு போகிறேன்.