ஏரிக்கும் கடலுக்கும் ஒரே ஸ்பின்னிங் ரீல் போதுமா?

போதும். மீன் பிடிக்க 4000 அளவு ரீல், எட்டரை அல்லது ஒன்பது அடி ராடு (தூண்டில் கம்பு), ஸ்பூல் (ரீலில் லைன், அதாவது தூண்டில் நரம்பு, சுற்றியிருக்கிற பகுதி) மட்டும் இரண்டு. கடைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பவர்கள் இதோடு போகலாம். நேரம் இருப்பவர்கள் உட்காருங்கள், எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கேட்டவர் ஏரியில் பழகிய கை, இப்போதுதான் கடல் பக்கம் ஆசை வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். தனித்தனியாக இரண்டு செட் வேண்டுமா, எத்தனை பேரிங் இருந்தால் நல்லது, கைப்பிடி எந்தப் பக்கம் என்று மூன்று கேள்வி. இதில் முதல் இரண்டும் என் பழைய புண்.

எட்டு வருடம் முன்னால் நானும் இதே யோசனையில்தான் என் முதல் நல்ல ரீலை வாங்கினேன். பெட்டி மேல் 10+1 பேரிங் என்று பெரிதாகப் போட்டிருந்தது. பக்கத்தில் இருந்தது 5+1. பத்து ஐந்தைவிடப் பெரிசு, அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. அந்தக் கூட்டல் ஒன்று என்ன என்று யாரையும் கேட்கவில்லை. பின்னால் அதுதான் என் விரலைப் பதம் பார்த்தது.

ஒரு வருடம் ஏரியில் வெண்ணெய் போலச் சுற்றியது. அப்புறம் ஒருநாள் முகத்துவாரத்துப் பாறைகளில் போய் நின்றேன். அலை முழங்கால் வரை தெளித்தது. மீன் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் சந்தோஷமாகத் திரும்பினேன். ராடைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். டிராக் (மீன் பலமாக இழுத்தால் லைனை அளவாக விடுகிற பிரேக்) எப்படி இறுக்கியிருந்ததோ அப்படியே. மூன்று வாரம் கழித்துக் கைப்பிடியைச் சுற்றினால் மணல் அரைக்கிற சத்தம்.

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. ஸ்க்ரூடிரைவர் எடுத்து ரீலைப் பிரித்தேன். கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் கிரீஸை அப்பினேன். பல்சக்கரத்துக்கு அப்பினேன், அது சரி. கூட்டல் ஒன்றுக்கும் அப்பினேன். அது சாதாரண பேரிங்கே இல்லை. ஒரு பக்கம் மட்டும் சுற்ற விடுகிற உருளைக் கிளச். கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. உள்ளே இருக்கிற சின்னச் சின்ன உருளைகள் உரசிப் பிடித்தால்தான் நிற்கும். கெட்டி கிரீஸ் அடைத்தால் பிடிக்காது, வழுக்கும். வீட்டில் கையால் சுற்றிப் பார்த்தபோது இது தெரியவில்லை. ‘ஆகா, என்ன மென்மை’ என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த தடவை அதே பாறைகள். நாலாவது வீச்சிலேயே அடித்தது. பாறை மீன் என்று நினைக்கிறேன் (பாறையில் நின்று பாறை பிடிப்பதில் ஒரு பொருத்தம் உண்டு, அன்று அதுவும் வாய்க்கவில்லை). கண்ணால் பார்க்கவே இல்லை என்பதால் சத்தியம் செய்ய மாட்டேன். எதுவாக இருந்தாலும் கனமானது. அது ஓடத் தொடங்கியதும் டிராக் லைனை விட வேண்டும். விடவில்லை. உள்ளே இருந்த வாஷர்கள் உப்போடு அமுங்கி ஒட்டிக்கிடந்தன. ராடு அரைவட்டமாக வளைந்தது. அடுத்த நொடி கைப்பிடி பின்னோக்கிப் பம்பரமாகச் சுற்றியது. நடுவிரலில் மூன்று அடி. வலியில் ஸ்பூலை உள்ளங்கையால் பிடித்தேன், பட்டென்று லைன் போயிற்று. நகம் கறுத்து விழுந்து புது நகம் முளைக்கப் பல மாதம் ஆனது.

பத்தடி தள்ளி ஒரு பெரியவர் வீசிக்கொண்டிருந்தார். வந்து ரீலை வாங்கி, அறுந்த லைனின் கடைசி ஒரு மீட்டரை விரலில் ஓட்டினார். பஞ்சு மாதிரி பிசிறியிருந்தது. லைனை ஸ்பூலில் சுற்றிவிடுகிற பெயில் கம்பியின் முனையில் லைன் திரும்புகிற சின்ன உருளையை நகத்தால் தள்ளினார். அசையவில்லை.

“தம்பி, போன தடவை கடலுக்கு வந்துட்டுப் போய் இதை என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலைங்க ஐயா.”

“அதான்.”

வேறு எதுவும் சொல்லாமல் தன் இடத்துக்குப் போய்விட்டார். இதுவரை எனக்குக் கிடைத்த மிகச் சுருக்கமான பாடம்.

இதற்குப் பிறகு நான் புது ரீல் வாங்கியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அதையே பிரித்து, கிளச்சை ஆல்கஹாலில் கழுவிக் காய வைத்து, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் மட்டும் விட்டேன். டிராக் வாஷர்களையும் பெயில் முனையிலிருந்த லைன் உருளையின் பேரிங்கையும் மாற்றினேன். இன்றுவரை ஏரிக்கும் கடலுக்கும் அதுதான் வருகிறது. அதனால்தான் முதல் வார்த்தையிலேயே ‘போதும்’ என்று அடித்துச் சொன்னேன்.

உடனே சிலர் வருவீர்கள் என்று தெரியும். ‘கடலுக்குத் தண்ணீர் புகாமல் முழுக்க சீல் செய்த ரீல்தான், இல்லையென்றால் குப்பை’ என்பீர்கள். ஐயா, படகில் ஆழ்கடல் போய் ஆள் எடை மீனோடு மல்லுக்கட்டுகிறவருக்கு நான் பதில் எழுதவில்லை. அவருக்கு 10000 அளவுக்கு மேல் ரீல் வேண்டும், வேறு ராடு வேண்டும், சீலும் வேண்டும். இடுப்பளவு அலையில் இறங்கி நிற்பவருக்கும் சீல் உதவும். கேட்டவர் கரையிலிருந்து வீசப்போகிறார். அவர் ரீல் கடலில் விழாத வரைக்கும் அவருக்கு வேண்டியது சீலைவிடக் குழாய்த் தண்ணீர்.

அந்தக் குழாய்த் தண்ணீரையும் தப்பாக அடிப்பவர்கள்தான் அதிகம். வீட்டுக்கு வந்ததும் முதலில் டிராக்கை நன்றாக இறுக்குங்கள், தண்ணீர் வாஷருக்குள் போகாது. பிறகு பூவாளியில் செடிக்கு ஊற்றுவது போல மென்மையாக ஊற்றுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் வெளியே இருக்கிற உப்பை நீங்களே உள்ளே தள்ளுகிறீர்கள். வாளியில் முக்கி ஊற வைப்பதும் அதே பாவம். துடைத்து, நிழலில் காய வைத்து, டிராக்கை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். லைன் உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய், கைப்பிடிக் குமிழுக்கு ஒரு சொட்டு. ஐந்து நிமிட வேலை. ராடின் வளையங்களையும் ரீல் உட்காருகிற இடத்தையும் கழுவ மறக்காதீர்கள், அங்கே பூத்த உப்பில் திருகு இறுகி ரீலைக் கழற்ற முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கடலில் நனைந்த தூண்டில்களை நனையாதவற்றோடு ஒரே பெட்டியில் போட்டால் மொத்தப் பெட்டியும் துருவுக்குப் போகும்.

பேரிங் எண்ணிக்கை பற்றி ஒரே வரி: ஒவ்வொரு பேரிங்கும் கடலில் துருப்பிடிக்க இன்னொரு இடம். நல்லதாக நாலைந்து இருந்தால் தாராளம். எண்ணிக்கைக்குப் பதிலாக டிராக்கைப் பாருங்கள். கடையிலேயே லைனைப் பிடித்து இழுத்தால் வெட்டி வெட்டி வரக்கூடாது, ஒரே சீராக வர வேண்டும்.

ஏன் 4000? ஏரி மட்டும் என்றால் 2500 போதும், கைக்கு இலகு. கடல் கரையில் சிலர் 6000, 8000 வைப்பார்கள், நாள் முழுக்க அதை ஏரியில் வீசினால் மணிக்கட்டு கேட்காது. நடுவில் 4000, ஏறத்தாழ 300 கிராம். இந்த எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒருவர் 4000 இன்னொருவர் 5000 அளவு இருக்கும், கையில் பிடித்துப் பாருங்கள். ராடில் எழுதியிருக்கிற வீச்சு எடை 10 முதல் 40 கிராம் வரை இருந்தால் ஏரிக்குச் சின்ன லூரும் (போலி இரை) கடலுக்கு உலோக லூரும் இரண்டும் போகும். இரண்டிலும் உச்சபட்ச சுகம் கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

உண்மையில் ஏரிக்கும் கடலுக்கும் மாறுவது லைன்தான். அதனால்தான் இரண்டு ஸ்பூல். ஒன்றில் 15 பவுண்டு பிரெய்டு (இழைகளைப் பின்னிச் செய்த லைன்), இன்னொன்றில் 30 பவுண்டு. பிரெய்டு மெலிசு, நீளாது, தொலைவில் மீன் முகர்ந்தால்கூட விரலில் தெரியும். ஆனால் பாறையில் உரசினால் நிற்காது. ஆகவே முன்னால் ஒன்றரை மீட்டராவது ஃப்ளோரோகார்பன் லீடர் (உரசலைத் தாங்கும் முனை நரம்பு) கட்டுங்கள். வெறும் ஸ்பூலில் நேராக பிரெய்டைச் சுற்றாதீர்கள், பிடிப்பில்லாமல் மொத்தமாக வழுக்கிச் சுற்றும், மீன் இழுக்கையில் டிராக் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். அடியில் பத்து மீட்டர் சாதாரண நைலான் நரம்பு சுற்றிவிட்டு அதன் மேல் பிரெய்டு. ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். வழிய வழிய நிரப்பினால் ஒரே வீச்சில் குருவிக்கூடு மாதிரி சிக்கு விழும், அதை அவிழ்க்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும்.

டிராக் எவ்வளவு இறுக்கம்? லைன் தாங்குவதில் நாலில் ஒரு பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு. 12 கிலோ லைன் என்றால் 3 கிலோவில் இழுபட ஆரம்பிக்க வேண்டும். தொங்கு தராசை லைன் நுனியில் மாட்டி ராடை வளைத்து இழுத்தால் தெரிந்துவிடும். நான் இப்போதும் கிளம்பும் முன் பார்ப்பேன், பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இன்னொன்று. வீசியதும் பெயிலைக் கையால் மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூட விடாதீர்கள். மூடியபின் லைனை ஒருமுறை இழுத்துவிடுங்கள். தளர்ந்த வளையம் உள்ளே போனால் அடுத்த வீச்சில் சிக்கு. டிராக் லைனை விட்டுக்கொண்டிருக்கும்போது நீங்களும் சுற்றிக்கொண்டே இருந்தால் லைன் முறுக்கேறும். இது இந்த ரீலின் பிறவிக் குணம். இங்கிலாந்தில் நூற்பாலைத் தொழிலில் இருந்த ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் என்பவர் 1905இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆலையில் அசையாமல் நிற்கிற கண்டிலிருந்து நூல் நுனி வழியாக உருவி வருவது போல, ஸ்பூல் நிற்க லைன் மட்டும் உருவிப் போகிறது. அதனால்தான் இலேசான லூர்கூடத் தூரம் போகிறது, அதனால்தான் முறுக்கும் வருகிறது.

வளையம் என்றதும் ஞாபகம் வருகிறது. ராடு வளையங்களின் உள்ளே பீங்கான் இருக்கும். மயிரிழை விரிசல் விழுந்தாலும் பிரெய்டைக் கத்தி மாதிரி வெட்டும், கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் பஞ்சை உள்ளே விட்டுத் திருப்பிப் பாருங்கள், நார் மாட்டினால் விரிசல். இதை நான் கற்றது என் மச்சானால். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ராடை வாங்கிப் போனார். நுனி வளையத்தைக் காரின் கதவில் நசுக்கிவிட்டு, துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்து சாத்திவிட்டுப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரிசையாக இரண்டு லூர் அறுந்து போனபின்தான் கண்டுபிடித்தேன். கேட்டால், “அப்பவே அப்படித்தான் இருந்துச்சு மாப்ள.” இவர்தான் என் டிரில் மெஷினைக் கொண்டுபோய்த் துளையிடும் முனையில்லாமல் திருப்பித் தந்தவர். இவர்தான் ஏணியை வாங்கிப்போய் ஏழு மாதம் வைத்திருந்து, நான் கேட்டதும் ‘உனக்கு ஏணி எதுக்கு’ என்றவர். இரவல் கேட்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை. உடைத்ததைச் சொல்லாமல் துடைத்து வைக்கிறார்களே, அந்தத் துடைப்பில்தான் வயிறு எரிகிறது. அவரும் இந்தத் தளத்தில் இருக்கிறார். படிக்கட்டும்.

சரி, மூன்றாவது கேள்வி. கைப்பிடி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வைக்கலாம், பெரும்பாலான ஸ்பின்னிங் ரீல்களில் கழற்றி மாற்றிக்கொள்ள முடியும். நான் வலக்கையால் வீசி இடக்கையால் சுற்றுகிறேன். நசுங்கியது இடக்கை நடுவிரல்.