உளவியல் ஆராய்ச்சி முறைகள் பேப்பரை ஆன்லைனில் எடுக்கலாமா?

கேள்வி: பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூவில் கணக்கு எடுக்கவில்லை. ஆராய்ச்சி முறைகள் பேப்பரை ஸ்வயம் என்ற அரசு ஆன்லைன் படிப்புத் தளத்தில் எடுத்தால் சமாளிக்க முடியுமா? என் தங்கை உளவியல் டிகிரியையே ஆன்லைனில் படிக்கலாமா என்கிறாள், அது சரிப்படுமா?

தாராளமாக எடுங்கள். ஆனால் பதிவு செய்வதற்கு முன்னால் துறைத் தலைவரைப் பார்த்து, இந்தப் படிப்பின் கிரெடிட்டை மார்க் ஷீட்டில் ஏற்றுவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு செமஸ்டரின் படிப்புகளில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுக்க பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021 விதிமுறை இடம் தருகிறது, என்றாலும் எந்தப் படிப்பை ஏற்பது என்று முடிவு செய்வது உங்கள் கல்லூரிதான். ஸ்வயத்தில் என்பிடெல் (ஐஐடிகளின் ஆன்லைன் கல்வித் திட்டம்) நடத்தும் படிப்பு என்றால் வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். கூட்டிக் கழிப்பதையெல்லாம் ஜமோவி என்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும். மாணவர்கள் இந்தப் பேப்பரில் தடுக்கி விழுவது ஆய்வை வடிவமைக்கும் இடத்தில், அதுவும் வீடியோவை மட்டும் ஓடவிட்டுக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். அதனால் முதல் இரண்டு வாரத்துக்குள் சின்னதாக ஒரு சோதனையை நீங்களே நடத்திவிடுங்கள். நான் எப்போதும் சொல்வது ஸ்ட்ரூப் சோதனை. 1935இல் வந்தது. நிறப் பெயர்களை வேறு நிற மையில் அச்சிட்டு, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னார் அமெரிக்க உளவியலாளர் ஸ்ட்ரூப். வெறும் வண்ணக் கட்டங்கள் நூறின் நிறத்தைச் சொல்ல சராசரியாக 63 விநாடி எடுத்தவர்களுக்கு, இப்படி முரண்பட்ட நூறு சொற்களுக்கு 110 விநாடி ஆனது.

தமிழிலேயே செய்யலாம். 'சிவப்பு' என்று பச்சை மையில், 'நீலம்' என்று மஞ்சள் மையில் எழுதி, ஒரு தாளில் முப்பது சொல், இன்னொரு தாளில் முப்பது வண்ணக் கட்டம். ஹாஸ்டலில் இருபது பேரைப் பிடியுங்கள். எதற்காகச் செய்கிறோம், வேண்டாம் என்றால் நடுவில் எழுந்து போகலாம் என்று சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகு போன் ஸ்டாப்வாட்ச்சில் நேரம் எடுங்கள். எல்லாருக்கும் கட்டத் தாளையே முதலில் கொடுத்தால் இரண்டாவது தாளுக்குள் பழகிவிட்டார்களா, களைத்துவிட்டார்களா என்று பிரித்துப் பார்க்க முடியாது, ஆகவே யாருக்கு எது முதலில் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள்.

அந்த நாணயம்தான் ரேண்டம் அசைன்மென்ட், அதாவது யாருக்கு எது என்பதைத் தற்செயலிடம் விடுவது. ஹாஸ்டலில் கையில் சிக்கியவர்களைப் பிடித்தீர்களே, அது ரேண்டம் சாம்ப்ளிங் (எல்லாருக்கும் சம வாய்ப்பு தந்து ஆட்களைத் தேர்ந்தெடுப்பது) ஆகாது, வசதிக்கு எடுத்த மாதிரிதான். இந்த இரண்டையும் குழப்பித்தான் தேர்வில் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள். உங்கள் கையாலேயே செய்து பார்த்துவிட்டால் அப்புறம் குழம்பவே மாட்டீர்கள்.

ஜமோவியில் ஒருவருக்கு ஒரு வரிசை, கட்டத்துக்கு ஒரு பத்தி, சொல்லுக்கு ஒரு பத்தி. எல்லா நேரத்தையும் ஒரே பத்தியில் கொட்டிவிட்டு டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தைச் சோதிக்கும் கணக்கு) வரவில்லை என்று வருபவர்கள் நிறைய. ஒரே ஆளை இரண்டு முறை அளந்திருப்பதால் 'பேர்டு சாம்பிள்ஸ்' டி-டெஸ்ட் எடுக்க வேண்டும். பி மதிப்பு 0.03 என்று வந்தால், 'என் கருதுகோள் 97 சதவீதம் உண்மை' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாகக் கிடைக்க 3 சதவீத வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான் அதன் பொருள். பாடப் புத்தகத்தில் இந்த வரியைப் பல தடவை படித்தும் பிடிபடாதவர்களுக்கு, தாங்களே எடுத்த எண்களைப் பார்க்கும்போது பிடிபடுகிறது.

தங்கை விஷயம். இந்தியாவில் உளவியல் பட்டப் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து புதிய சேர்க்கை கிடையாது. கல்லூரியில் நேரில் படிக்கும் நீங்கள் ஒரு பேப்பரை மட்டும் ஸ்வயத்தில் எடுப்பது வேறு, முழு டிகிரியை ஆன்லைனில் படிப்பது வேறு. இன்னமும் 'ஆன்லைன் பி.எஸ்சி. உளவியல், அட்மிஷன் நடக்கிறது' என்று யாராவது போன் செய்தால் தங்கையைப் பணம் கட்ட விடாதீர்கள். ரெகுலர் கல்லூரியில் இடம் தேடச் சொல்லுங்கள்.