கார்கிலில் மகன் போனான், மருமகள் மறுமணம் செய்துகொண்டார்: பெற்றோருக்கு என்ன உரிமை?

கேள்வி: எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில், வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போகும் கிராமம். என் அண்ணன் நாயக்காக இருந்தார். 1999 ஜூனில் கார்கில் போரில், திராஸ் பகுதியில் வீரமரணம் அடைந்தார். அப்போது அண்ணிக்கு 22 வயது, கையில் ஒரு பெண் குழந்தை. 2005இல் அண்ணி மறுமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். குழந்தையை அவர்தான் வளர்த்தார். அவள் படித்து முடித்து இப்போது வேலைக்குப் போகிறாள். பென்ஷன் முழுவதும் அண்ணிக்கே வருகிறது. அப்பாவுக்கு வயது 80, அம்மாவுக்கு 74. அண்ணன் லீவில் வந்தபோது தன் பெயரில் வாங்கிப் போட்ட மனை ஒன்று ஊரில் இருக்கிறது. போன மாதம் அண்ணி ஒரு விடுதலைப் பத்திரத்தோடு வந்து அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டார். வேறு கல்யாணம் செய்துகொண்டவருக்குப் பென்ஷனும் மனையும் எப்படிப் போய்ச் சேரும்? ஜூலை 26 கார்கில் வெற்றி தின விழாவில்கூட அவரைத்தான் மேடைக்கு அழைக்கிறார்கள். – பெயர் வெளியிட விரும்பாத வாசகி.

பதில்: முதலில் அந்தப் பத்திரம். அம்மா இன்னும் கையெழுத்துப் போடவில்லையே? போடவில்லை என்றால் இதைப் படித்து முடிக்கும்வரை போட வேண்டாம். உங்கள் கோபம் முழுக்கப் பென்ஷன் மேல் இருக்கிறது. ஆனால் உங்கள் பக்கம் சட்டம் பலமாக நிற்பது மனை விஷயத்தில்தான்.

அண்ணன் உயில் எழுதவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் சொத்துக்கு முதல் வகுப்பு வாரிசுகள் தாய், மனைவி, பிள்ளைகள். அப்படியானால் மனையில் உங்கள் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, அண்ணிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. அப்பாவுக்குப் பங்கு கிடையாது. பெற்ற தகப்பன் இரண்டாம் வகுப்பில்தான் வருகிறார். சபையில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் 1956 முதல் சட்டம் அப்படித்தான். (நீங்கள் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் கணக்கே மாறிவிடும். மனைவியும் பிள்ளையும் இருக்கும்போது அங்கே தாய்க்கும் பங்கில்லை.)

அண்ணி மறுமணம் செய்துகொண்டதால் அவர் பங்கு போய்விடுமா? போகாது. கணவர் இறந்த அன்றே அந்தப் பங்கு அவருக்குச் சொந்தமாகிவிட்டது. மறுமணம் செய்யும் விதவை முதல் கணவரின் சொத்தை இழக்க வேண்டும் என்றது 1856ஆம் ஆண்டுச் சட்டம். அது இப்போது இல்லை. பங்கு வந்து சேர்ந்த பின் நடக்கும் மறுமணம் வாரிசுரிமையைப் பறிக்காது என்று உச்ச நீதிமன்றமும் 2008இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்னும் பழைய கணக்கையே பேசுவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, அண்ணி ஏன் இப்போது பத்திரத்தோடு வருகிறார்? அநேகமாக மனையை வாங்க ஆள் வந்திருக்கும். வாங்குபவரின் வக்கீல் வாரிசுச் சான்றிதழைப் புரட்டியிருப்பார், அதில் அம்மாவின் பெயர் இருந்திருக்கும், அந்தக் கையெழுத்து இல்லாமல் கிரயம் முடியாது என்று சொல்லியிருப்பார். விடுதலைப் பத்திரத்தில் ‘எனக்குள்ள பாத்தியதையை இன்னாருக்கு விடுதலை செய்துகொடுத்தேன்’ என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே பெருவிரல் ரேகை விழுந்து பதிவாகிவிட்டால் அந்த மூன்றில் ஒன்று போனதுதான். ‘பிரதிபலன்’ என்று தொகை எழுதும் இடத்தைப் பாருங்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறது, அந்தத் தொகை நிஜமாகவே கைக்கு வந்ததா என்பதுதான் கேள்வி. அம்மா மனமுவந்து பேத்திக்கு விட்டுக்கொடுக்க நினைத்தால் அது வேறு, தாராளமாகச் செய்யட்டும். விற்கத்தான் போகிறார்கள் என்றால் விடுதலைப் பத்திரமே தேவையில்லை. மூன்று பேரும் சேர்ந்து கிரயம் எழுதிக்கொடுத்து, அவரவர் பங்குப் பணத்தை அவரவர் வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம்.

இனி பென்ஷன். போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு வருவது சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் அல்ல. ராணுவக் குடும்பங்கள் ‘லிபரலைஸ்டு பென்ஷன்’ என்று சொல்வது. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்றால், இது அந்தச் சம்பளம் முழுவதற்கும் சமம். தொகை பெரியது என்பதால் சண்டையும் பெரிதாகிறது.

இந்தப் பணம் உங்கள் அண்ணன் சேர்த்துவைத்த சொத்து இல்லை. அவர் இறந்த பிறகு, விதிகளின்படி அரசு குடும்பத்துக்குத் தருவது. தந்தை ஒருவர் மகனின் உயிலைக் காட்டிச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் (ராணுவப் பணியின் காரணமாக இறந்தவரின் குடும்பத்துக்குத் தருவது) கேட்ட ஜோத் சிங் வழக்கில் 1980இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது: இது இறந்தவரின் சொத்தில் சேராது, உயில் எழுதியும் யாருக்கும் கொடுக்க முடியாது. ஆகவே ‘என் மகன் ரத்தம் சிந்தின காசு, பாதி எனக்கு’ என்று மனு எழுதினால் நிராகரித்துத்தான் பதில் வரும். எழுதும் தாயின் வேதனை நியாயமானது, வழக்கு நிற்காது.

மறுமணத்தைக் காட்டி நிறுத்தவும் முடியாது. போரில் இறந்தவரின் மனைவி மறுமணம் செய்துகொண்டாலும், குழந்தையை அவரே பராமரித்தால் முழு ஓய்வூதியமும் தொடரும் என்பது விதி. குழந்தையை அண்ணிதான் வளர்த்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 22 வயதில் கணவரைப் பறிகொடுத்தவர் ஆறு வருடம் கழித்து மறுமணம் செய்துகொண்டதைக் குற்றமாக எந்த அதிகாரியும் பார்க்கமாட்டார், நானும் பார்க்கவில்லை.

ஆனாலும் ஒரு சின்ன வழி இருக்கிறது. அதிகாரிகள் நிலைக்குக் கீழே உள்ள படைவீரர்கள் (நாயக்கான உங்கள் அண்ணனும் இதில் அடக்கம்) விஷயத்தில், சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் பெறுபவர், இறந்தவரை நம்பி வாழ்ந்த மற்றவர்களுக்கு உதவ மறுத்தால், அதைப் பிரித்துக் கொடுக்க ராணுவ ஓய்வூதிய விதிகளில் இடமுண்டு. இது வாரிசு என்பதற்காகக் கிடைப்பதல்ல, மகனின் வருமானத்தை நம்பி இருந்தார்கள் என்பதற்காகக் கிடைப்பது. மனுவின் தொனியே அதற்கேற்ப மாற வேண்டும். மகன் மாதாமாதம் மணியார்டர் அனுப்பியதற்கான துண்டுச் சீட்டுகள், அவர் எழுதிய கடிதங்கள், பெற்றோருக்கு வேறு வருமானம் இல்லை என்ற வட்டாட்சியர் சான்று, இத்தனை ஆண்டுகளில் அண்ணி ஏதாவது கொடுத்தாரா என்ற நேர்மையான கணக்கு, இவைதான் பேசும். பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ராணுவ வீட்டில் காகிதம் சாதாரணமாகத் தொலையாது.

மனு போக வேண்டிய இடம் அண்ணனின் படைப்பிரிவுக்குரிய ஆவண அலுவலகம். பிரிவின் பெயரை நீங்கள் எழுதவில்லை. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் குன்னூர் பக்கத்தில் வெலிங்டன். படை எண்ணைக் குறிப்பிட்டு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவும் ஒரு பிரதி அனுப்புங்கள். மறுத்து உத்தரவு வந்தால் ஆறு மாதத்துக்குள் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 1999இல் வந்த கருணைத் தொகை, இன்சூரன்ஸ் பணத்தை எல்லாம் இப்போது கிளறாதீர்கள். காலம் கடந்துவிட்டது, செலவுதான் மிச்சம்.

இன்னொன்று, உங்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007இன் கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவு வாங்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்றால் மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி. மருமகள் இல்லை. ஆக, அந்த மனுவில் எதிர்மனுதாரர்களாக வரக்கூடியவர்கள் நீங்களும் அண்ணன் மகளும்தான்! தகப்பன் முகத்தையே நினைவில் வைத்திருக்காத அந்தப் பெண்ணுக்கு நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் நேரில் போய்ப் பேசுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. அம்மா பெயரில் மனு கொடுத்து அண்ணியையும் பேத்தியையும் அழைத்து உட்கார வையுங்கள். மனைப் பங்கு, மாதம் ஒரு தொகை என்று அங்கே பேசி முடித்து மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால், அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது.

அப்பாவை மறக்கவில்லை. மனையில் பங்கு இல்லாவிட்டாலும், அந்தச் சொத்தை அடைந்தவர்கள் இறந்தவரைச் சார்ந்திருந்த தகப்பனுக்கு அந்தச் சொத்திலிருந்து ஜீவனாம்சம் தர வேண்டும் என்று இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. பேச்சுவார்த்தையில் இதையும் வையுங்கள்.

விழா மேடை சட்டப் பிரச்சினையே அல்ல. சேரும்போது பெற்றோர் பெயர் இருக்கும், கல்யாணம் ஆனதும் நெருங்கிய உறவு என்ற இடத்தில் மனைவி பெயர் ஏறும், அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அழைக்கிறார்கள். தாயையும் மேடைக்கு அழைக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. ஜூன் மாதமே முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்.

கடைசியாக, அம்மா தன் பங்கை வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒரு உயில் எழுதிவைப்பது நல்லது. எழுதாவிட்டால் அவருக்குப் பின் அது அப்பாவுக்கும், உங்களுக்கும், இறந்த மகனின் பிள்ளை என்ற வகையில் அண்ணன் மகளுக்கும் பிரியும். மனைக்காக அந்தப் பெண்ணோடு இன்னொரு தடவை உட்கார்ந்து பேச வேண்டி வரும்.