வருடத்துக்கு ஒரு மியூசிக்கல்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் நாடகம் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டு. செப்டம்பரில் தொடங்கும் சீசனுக்கு என்னென்ன நாடகங்கள் என்று மார்ச் மாதமே அறிவித்துவிட்டார்கள். மொத்தம் ஐந்து, அதில் பாட்டும் நடனமும் கலந்த மியூசிக்கல் ஒன்றே ஒன்று. அவள் நன்றாகப் பாடுவாள். ஆனால் இந்தப் பருவம் முழுக்க மரம் அறுப்பதிலும் கயிறு இழுப்பதிலும் போய்விட்டது. இதற்கா இவ்வளவு கட்டணம்? இழுவையான ஒரு பாட்டை வெட்டக்கூட அனுமதி இல்லையாம், வீடியோவும் எடுக்கக்கூடாதாம். ஏன் இத்தனை கெடுபிடி?

க.

அன்புள்ள க.,

மியூசிக்கலில் இருந்தே தொடங்குகிறேன். துறையின் மற்ற நாடகங்களுக்கு எவ்வளவு பணமும் ஆளும் மிஞ்சும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

பேச்சு நாடகம் என்றால் ஓர் இயக்குநரும் ஐந்தாறு வார ஒத்திகையும் போதும். மியூசிக்கலுக்கு இசை இயக்குநரும் நடன அமைப்பாளரும் கூடுதலாக வேண்டும். வகுப்பெல்லாம் முடிந்து கிடைக்கிற அதே மூன்று மணி நேர மாலைக்குத்தான் மூவரும் அடித்துக்கொள்வார்கள். பாட்டை நின்றுகொண்டு கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு நடனம் சேர்ந்ததும் மூச்சு போதாது. மூச்சு எடுக்கும் இடங்களையே மாற்றிப் பழக வேண்டியிருக்கும். கடைசி வாரத்தில்தான் வாத்தியக்குழு வரும். அன்றைக்கு எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முழு நாடகத்தையும் வாத்தியங்களோடு பாடிப் பார்ப்பார்கள். ஜெர்மன் மொழியிலிருந்து வந்த ‘சிட்ஸ்புரோப்’ என்ற பெயர் அதற்கு. அதுவரை பியானோவில் கேட்டுப் பழகிய தொடக்க ஸ்வரம் இப்போது கிளாரினெட்டிலோ வயலினிலோ ஒளிந்திருக்கும். நன்றாகப் பாடுகிறவர்களே எடுப்பைத் தவறவிடும் நாள் அது.

மைக் இன்னொரு தலைவலி. நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் ஒட்டுகிற குட்டி மைக்கினுள் வியர்வை இறங்கினால், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். அதனால் மாற்று மைக்கோடு ஒருவர் திரைக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும். பாட்டரியும் நாடகம் போடும் ஒவ்வொரு நாளும் புதிது. போதாததற்கு, 600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி செல்பேசி நிறுவனங்களுக்கு ஏலம் போனது. 2020 ஜூலை 13க்குப் பிறகு அந்த அலைவரிசையில் கம்பியில்லா மைக் இயக்குவது அமெரிக்காவில் சட்டவிரோதம். நல்ல நிலையில் இருந்த கருவிகளையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

இனி உரிமம். பெரும்பாலான மியூசிக்கல்களுக்கு, உரிமம் வழங்கும் நிறுவனங்களான, 1952இல் தொடங்கிய மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனலையோ கான்கார்டு தியேட்ரிக்கல்ஸையோதான் அணுக வேண்டும். உரைநூலும் இசைத்தாள்களும் பெரும்பாலும் வாடகைக்குத்தான் வரும். திருப்பிக் கேட்டால், பென்சில் குறிப்புகளை ரப்பரால் அழித்து அனுப்ப வேண்டும் (நாடகம் முடிந்த மறுநாள் துறை மாணவர்களைப் பிடிக்கிற வேலை இது!). எழுதியவர் தரப்பின் சம்மதம் இல்லாமல் ஒரு சொல்லை மாற்றவோ ஒரு பாட்டை வெட்டவோ கூடாது என்பது ஒப்பந்த விதி. வீடியோ தனி உரிமை, அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், எல்லா நாடகத்துக்கும் கிடைக்காது. தொழில்முறைக் குழு ஒன்று அதே நாடகத்தோடு சுற்றுப்பயணத்தில் இருந்தால் அரங்கேற்ற உரிமையே மறுக்கப்படலாம். ஆகவே அனுமதி கைக்கு வராமல் எந்தத் துறையும் பெயரை வெளியே விடாது. மார்ச் உங்களுக்குச் சீக்கிரமாகத் தெரிகிறது. தேர்வுக் குழுவுக்கு அது ஏறக்குறைய கடைசித் தேதி.

மற்ற நான்கையும் தேர்ந்தெடுப்பது பாதி கணக்குப்பிள்ளை வேலை. நடிப்பு மாணவர்களில் பல இடங்களில் பெண்களே அதிகம். பழைய நாடகங்களிலோ ஆண் பாத்திரங்கள்தான் நிறைய. ஷேக்ஸ்பியருக்கு ராயல்டி இல்லை, பாத்திரங்களைப் பெண்களுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம், அவர் அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ரஷ்ய நாடகாசிரியர் செகாவும் இலவசம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. மூலம் இலவசம்தான், ஆனால் சமீபத்திய ஆங்கில மொழிபெயர்ப்புக்குப் பணம் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் மேல், இறுதியாண்டில் ஒளியமைப்போ உடையமைப்போ செய்து காட்ட வேண்டிய மாணவருக்குத் தோதான நாடகமும் ஒன்று வேண்டும்.

மகள் இழுக்கும் கயிற்றுக்கு வருகிறேன். மேடைக்கு மேலே குறுக்காகத் தொங்கும் இரும்புக் குழாயில் திரைகளைக் கட்டுவார்கள். கயிற்றை இழுத்தால் பக்கச் சுவரோரம் ஏறி இறங்கும் சட்டத்தில் அதே எடைக்கு இரும்புக் கட்டிகளை அடுக்குவார்கள். கட்டும்போது திரை முதலில், கட்டிகள் பிறகு. அவிழ்க்கும்போது கட்டிகள் முதலில், திரை பிறகு. இந்த வரிசை மாறி 150 கிலோ திரையை முதலில் அவிழ்த்துவிட்டால் சுவரோரம் 150 கிலோ ஈடில்லாமல் நிற்கும். கயிறு நகராமல் பிடித்துவைக்கும் பூட்டு அந்த எடையைத் தாங்குவதற்கான பிரேக் கிடையாது. சட்டம் கீழே பாயும், குழாய் கூரையில் போய் மோதும். அப்போது கயிற்றைப் பிடிக்கப் போகக்கூடாது, கத்தி எச்சரித்துவிட்டு விலகிவிட வேண்டும். தன் தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்று அறியாத நடிகர் மேடையில் எங்கே நிற்பது ஆபத்து என்பதையும் அறியமாட்டார். துறைகள் இதைப் பாடத்திட்டத்தில் கட்டாயமாக்கியிருப்பது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் இரண்டு பருவம் தொடர்ந்து பட்டறையிலேயே விட்டால் உங்கள் மகள் ஆலோசகரிடம் போய்க் கேட்கலாம், அதில் தப்பில்லை.

மியூசிக்கலுக்கான குரல் தேர்வில் பெரும்பாலும் 16 அல்லது 32 பார் (இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டு) மட்டும்தான் பாடச் சொல்வார்கள். இசைத்தாளைத் தன் ஸ்ருதியிலேயே அச்சிட்டு, வளையக் கோப்பில் கோத்துக்கொண்டு போகட்டும். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், விளக்கொளி பட்டால் பியானோக்காரருக்கு ஸ்வரம் தெரியாது. தொடங்கும் இடம், முடியும் இடம் இரண்டையும் தடித்த பேனாவால் குறிக்க வேண்டும். வேகத்தைக் காட்ட அவர் முன்னால் விரலைச் சொடுக்கக்கூடாது, முதல் வரியை மெல்லப் பாடிக் காட்டினால் அவரே பிடித்துக்கொள்வார்.