தாழ்த்திய காருக்கு எந்த ஷொக்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என்னிடம் 1992 மொடல் யூனோஸ் ரோட்ஸ்டர் (மஸ்டாவின் சிறிய இரண்டு இருக்கைக் கார்) இருக்கிறது. வாங்கும்போதே தாழ்த்தித்தான் இருந்தது. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கம்பளைக்குப் போகும்போது இறம்பொடை இறக்கத்தில், வளைவுக்குள் குழி வந்தால் பின்பக்கம் துள்ளி விலகுகிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் புதுக் கொயில் ஓவர் செட் (ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை அடக்கும் ஷொக்கும் ஒன்றாகச் சேர்ந்தது) ஒன்றை மலிவாகக் காட்டினார்கள். பெயர் கேள்விப்படாதது. நண்பன், ஜப்பானிலிருந்து வந்த பாவித்த டெய்ன் கம்பனி செட் எடுக்கச் சொல்கிறான். கராஜ் பாஸ் பழைய உயரத்துக்கே போகச் சொல்கிறார். எனக்குக் காரை முழுதாக உயர்த்த மனமில்லை. எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், நானுஓயா

பதில்: தம்பி, எதை வாங்குவது என்பதை அடுத்த மாதம் முடிவு செய்யலாம். வெட்டிய ஸ்பிரிங்கை மட்டும் இந்த வாரமே கழற்றிவிடுங்கள். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, ஷொக்கிலுள்ள தன் இருக்கையில் சரியாக உட்காருவதற்கென்றே வளைத்துச் செய்யப்பட்டது. அதை வெட்டினால் நுனி ஒரு பக்கமாகத்தான் அமரும். சில்லு கீழே தொங்கும் நேரத்தில் ஸ்பிரிங் தளர்ந்து தன் இடத்தை விட்டுத் திரும்பவும் கூடும். யாராவது ஒரு ரோட்ஸ்டர்காரரிடம் பழைய ஒறிஜினல் ஸ்பிரிங் நான்கும் சும்மா கிடக்கும். கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு நிதானமாகத் தேடுங்கள்.

பின்பக்கம் ஏன் துள்ளுகிறது என்பது புரிந்தால் எதை வாங்குவது என்பதும் தெளிவாகிவிடும். ஷொக்கின் தடி மேலும் கீழும் ஓட ஓர் அளவு உண்டு. காரை 50 மில்லிமீற்றர் தாழ்த்தினால், மேல்நோக்கிய ஓட்டத்தில் ஏறக்குறைய அந்தளவு போய்விடும். உங்கள் மொடலில் பின்பக்கத்துக்கு அந்த ஓட்டம் பிறவியிலேயே குறைவு. வளைவில் சாயும்போது வெளிப்பக்கச் சில்லு மிச்சத்தையும் தின்றுவிடும். அந்த நேரம் பார்த்துக் குழி வந்தால் ஷொக் நேரே, ஓட்டத்தை முடிவில் தடுக்கும் பம்ப் ஸ்டொப் ரப்பரில் மோதும். அந்த நொடியில் ஸ்பிரிங் பல மடங்கு விறைத்ததற்குச் சமம். டயர் ரோட்டைப் பிடிக்க முடியாமல் தாவும். இறக்கத்தில் பிரேக் பிடித்திருந்தால் பாரம் முன்னால் போய், பின்பக்கம் ஏற்கெனவே இலேசாகியிருக்கும். அதனால்தான் மேட்டில் ஏறும்போது அடங்கிப் போகிற கார் இறங்கும்போது பயமுறுத்துகிறது.

ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது ஓட்டத்தை. எவ்வளவு தாழும் என்பது பிறகு. நல்ல கொயில் ஓவரில் ஷொக்கின் உடலே குட்டையாக இருக்கும். உயரத்தைக் கீழ்ப்பிடியில் தனியாகவும், ஸ்பிரிங் இருக்கையைத் தனியாகவும் திருப்பலாம். இப்படி இருந்தால் காரைத் தாழ்த்தினாலும் ஓட்டம் குறையாது. இருக்கை வளையத்தை மட்டும் இறக்கித் தாழ்த்துகிற செட் என்றால், ஒவ்வொரு திருப்பும் ஓட்டத்திலிருந்துதான் கழியும். அடுத்தது ஸ்பிரிங்கின் பலம். ஜப்பான் செட்களில் 6, 8 என்று எண் போட்டிருப்பார்கள். 8 என்றால் ஒரு மில்லிமீற்றர் அமுங்க 8 கிலோ பாரம் வேண்டும் என்று பொருள். உங்கள் கார் ஒரு தொன் வரைதான் வரும். மலைநாட்டு ரோட்டுக்கு முன்னால் 5 அல்லது 6, பின்னால் 3 அல்லது 4 போதும் என்பது என் கணிப்பு. ஏப்ரலில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கு வரும் காரைப் பார்த்துவிட்டு அதே விறைப்பைத் தினசரிக் காரில் போடாதீர்கள். தோட்டத்து ரோட்டில் அந்த விறைப்புக்கு வேலையே இல்லை.

அந்தப் பெயர் தெரியாத செட்டை நான் வாங்கமாட்டேன். ஸ்பிரிங் எண்ணும் ஓட்டத்தின் அளவும் அச்சிட்டிருக்கிறதா, ஒரு ஷொக் கசிந்தால் அதை மட்டும் தனியாக எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் 32 படி இருக்கிறது என்பார்கள். உள்ளே வால்வு சரியில்லை என்றால் 32 படியும் ஒன்றுதான்.

டெய்ன் நல்ல பெயர்தான். ஆனால் அவர்களின் இசட் வரிசை உள்ளே மூடிய அமைப்பு. திறந்து ரிப்பேர் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். பாவித்ததை எடுப்பதென்றால் வளையங்களைக் கடையிலேயே திருப்பிப் பாருங்கள். ஜப்பானில் பனிப் பிரதேசங்களில் ரோட்டுக்கு உப்புத் தூவுவார்கள், அதில் மரை இறுகிப்போயிருக்கும். இங்கே மூடுபனியும் மழையும் மிச்சத்தை முடிக்கும். தடியில் நகம் மாட்டுகிற அளவு புள்ளி இருந்தாலோ, கழுத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ, எந்த விலைக்கும் வேண்டாம்.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் எடுப்பது வேறொன்று. ஐபாக் அல்லது எச் அண்ட் ஆர் ஸ்பிரிங், 25 முதல் 30 மில்லிமீற்றர் வரை தாழ்த்துவது. அதற்குப் பொருத்தமாக கோனி மஞ்சள் ஷொக் அல்லது பில்ஸ்டைன். பில்ஸ்டைனில் பி6 என்றால் ஒறிஜினல் நீளம், பி8 என்றால் தாழ்த்திய ஸ்பிரிங்குக்காகக் குட்டையாகச் செய்தது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்கிற கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கூடவே 1998க்குப் பிறகு வந்த ரோட்ஸ்டரில் ஷொக்கின் தலையைக் காரோடு பூட்டும் மேல் மவுண்டைத் தேடிப் போடுங்கள். அதன் அமைப்பு மேல்நோக்கிய ஓட்டத்தைக் கூட்டித் தரும். உங்கள் பின்பக்கத்துக்கு இதைவிடக் குறைந்த செலவில் வேறு மருந்து இல்லை.

ஷொக் வாங்குவதற்கு முன்னால் புஷ்களையும் (சில்லைத் தாங்கும் ஆர்ம்கள் அசையும் இடத்து ரப்பர்) போல் ஜொயின்ட்களையும் (உருண்டை மூட்டு) பாருங்கள். 30 வருடம் தாண்டிய ரப்பர் வெடித்திருக்கும். அதை வைத்துக்கொண்டு கோனி போட்டும் பயனில்லை. போல் ஜொயின்ட்டுக்கு 555 என்ற ஜப்பான் பெயர் நம்பிக்கையானது. அதனாலேயே அந்தப் பெயரில் போலியும் வருகிறது. அச்சு மங்கிய பெட்டி, தளர்ந்த ரப்பர் உறை, கையால் அசைத்தாலே லொடலொடக்கும் தண்டு, இவற்றைக் கண்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றைக் கராஜில் நின்று பார்த்தே ஆக வேண்டும். ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைக் கார் ஜாக்கில் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. ரப்பர் இரும்போடு ஒட்டியிருப்பதால், இறுக்கிய நிலைதான் அதற்கு இயல்பு நிலை. தொங்கும்போது இறுக்கிவிட்டுக் காரை இறக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுகியே கிடக்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். நான்கு சில்லும் தரையில் நிற்க, கார் தன் உயரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு. எத்தனையோ நல்ல புஷ் இதனால் வீணாகி, பழி புஷ் செய்தவன் மேல் விழுகிறது. எனக்கு உண்மையிலேயே மனம் பொறுக்காத விடயம் இது.

எல்லாம் பூட்டியபிறகு தூசி உறையைத் தூக்கி, ஷொக் தடியில் ஒரு கேபிள் டையைக் கட்டி அடிவரை தள்ளிவிடுங்கள். இறம்பொடைக்கு ஒரு நடை போய் வந்து பாருங்கள். டை பம்ப் ஸ்டொப்பில் புதைந்திருந்தால் காரை இன்னும் 10 மில்லிமீற்றர் உயர்த்த வேண்டும், அல்லது ஸ்பிரிங் போதவில்லை. உயரத்தைச் சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் மாறும்போது கணக்கும் மாறிவிடும்.

கேள்வி: என்னுடைய சிவிக் ஈ.கே. காரைத் தாழ்த்தியபிறகு பின் டயர்களின் உள்விளிம்பு மட்டும் சீக்கிரம் தேய்கிறது. சில்லின் சாய்வைத் திருத்தும் கம்பர் ஆர்ம் மாற்றச் சொல்கிறார்கள். பொலியூரிதேன் புஷ்ஷும் போடச் சொல்கிறார்கள். செலவு செய்வதற்கு முன் கேட்கிறேன்.
– ஒரு வாசகி, பண்டாரவளை

பதில்: தங்கச்சி, கேட்டது நல்லது. தாழ்த்தினால் சில்லு மேற்பக்கம் உள்ளே சாய்வது உண்மை. ஆனால் டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் அந்தச் சாய்வு அல்ல, டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சில்லு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. தாழ்த்தும்போது அதுவும் கூடவே மாறிவிடும். முதலில் நல்ல அலைன்மென்ட் கடையில் பின்பக்க டோவைச் சரிசெய்து, முன்பும் பின்பும் உள்ள எண்களை அச்சடித்து வாங்குங்கள். பின்பக்கம் சிறிதளவு டோ இன் (சில்லின் முன்விளிம்பு உள்ளே திரும்பியிருப்பது) இருக்கட்டும். சாய்வு 2 பாகைக்குள் இருந்தால் கம்பர் ஆர்ம் தேவைப்படாது.

பொலியூரிதேனில் ஒரு கவனம். உங்கள் காரின் பின் ட்ரெயிலிங் ஆர்ம் புஷ் ஒரே திசையில் மட்டும் சுழல்வதில்லை, பல பக்கமும் வளைந்து கொடுக்க வேண்டியது. விறைத்த பொலி புஷ் அங்கே ஆர்மைப் பிடித்துவைக்கும். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் ரப்பரே எடுங்கள்.

கேள்வி: ஸ்விஃப்ட் ஸ்போர்ட் காரை 2 அங்குலம் தாழ்த்தினேன். வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாய்வதுபோல் இருக்கிறது. என் கற்பனையா?
– ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: கற்பனை இல்லை. உங்கள் கார் முன்னால் மக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பு, அதாவது சில்லின் மேற்பக்கத்தை ஷொக்கே பிடிக்கும், கீழ்ப்பக்கத்தை லோவர் ஆர்ம் பிடிக்கும். அதிகம் தாழ்த்தினால் லோவர் ஆர்மின் வெளிமுனை மேலே தூக்கிவிடும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி உடலைவிட அதிகமாகக் கீழே போய்விடுகிறது. சாய்க்கும் நெம்பு நீண்டுவிட்டது, அவ்வளவுதான். ஆர்ம் தரைக்குச் சமாந்தரமாக வரும்வரை காரை உயர்த்துங்கள், செலவில்லாத வழி அது. உயர்த்த விருப்பமில்லை என்றால் தண்டு நீண்ட போல் ஜொயின்ட் கிடைக்கிறது. அதை வாங்குவதற்கு முன் உங்கள் ரிம்மின் உட்பக்கத்தில் உரசாமல் இருக்க இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள், அதோடு டை ரொட் எண்டையும் (ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் முனை) அதே அளவு இறக்க வேண்டும். இல்லாவிட்டால் மேடுபள்ளத்தில் ஸ்டியரிங் தானாகத் திரும்பும்.